முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, எனக்கு முப்பத்தொரு பிள்ளைகள் இருப்பதாக ஊராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது.

கடிதம் மலாயில் இருந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். சிம்பாங் அம்பாட் டவுனில் உள்ள இணையக் கடையில் பதிந்திருக்கும் முப்பத்தொரு சிறார்களின் அனுமதிப் பாரங்களில், பாதுகாவலர் என்ற இடத்தில் மருதமுத்துவாகிய நான் ஒருவனே கையெழுத்திட்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

என் மகன் காளிதாஸ் பாயா ரும்புட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை முடிந்து வந்து கடிதத்தை இரண்டு முறை படித்தான்.

"அப்பா, முப்பத்தொண்ணா?"

"முப்பதுதான். எண்ணிக்கையில தப்பு இருக்கு."

"முப்பதுன்னா பரவால்லையா?"

இந்தச் செய்தியைக் கேட்டு ஊரில் சிலர் சிரித்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அவர்களில் பாதிப்பேருடைய பிறப்புப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் ரப்பர் தோட்ட ஆபிசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். பிள்ளை பிறந்தால் பதிய வேண்டும், பள்ளியில் சேர்க்க வேண்டும், குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐ.சி. அடையாள அட்டையைக் குடிமக்களின் நீல ஐ.சி.யாக மாற்ற மனுப் போட வேண்டும். எல்லாப் பாரத்திலும் யாராவது ஒருவர் சாட்சியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவர்கள் பெருவிரலை வைப்பார்கள். அதற்குக் கீழே நான் போடுவேன். துரைமார் மாறினார்கள், கம்பெனி இரண்டு முறை கைமாறியது, கையெழுத்து மட்டும் மாறவில்லை.

நான் ஓய்வு பெற்றுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் இது நிற்கவில்லை. இப்போது பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் பிள்ளைகளின் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் பெரிய கிராணி கையெழுத்து இல்லாத தாளை அவர்கள் முடிந்த தாளாக நினைப்பதில்லை. அதில் தவறு இருப்பதாக எனக்கும் தோன்றியதில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கோகுலராஜ் என்ற இளைஞன் டவுனில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எட்டு கம்ப்யூட்டர் வைத்துக் கடை திறந்தான். அவனும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். இணையத்தில் சிறுபிள்ளைகள் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறார்கள், முகம் தெரியாதவர்கள் இனிக்கப் பேசி அவர்களை மயக்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கியிருந்த நேரம். ஊராட்சி மன்றம் விதிகள் கொண்டுவந்தது. பள்ளிச் சீருடையில் யாரும் உள்ளே போகக் கூடாது. இருக்கைகளுக்கு நடுவே தடுப்புப் பலகை இருக்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஐ.சி. எண்ணோடு அனுமதிப் பாரம் கொடுக்க வேண்டும். நல்ல விதிகள். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

விதி வந்த மறுவாரம் பிள்ளைகள் பாரங்களோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவள் சாந்தி. அவள் அம்மா இருசம்மாள் தோட்டத்தில் களைமருந்து அடிக்கும் வேலை பார்க்கிறாள்.

"அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க தாத்தா."

"எதுக்கு இது?"

"ஸ்கூல் புரோஜெக்ட்."

ஒவ்வொரு பிள்ளையையும் விசாரித்துத்தான் போட்டேன். அப்பா பெயர், பள்ளியில் எந்தப் படிவம், போன பரீட்சையில் கணக்கில் என்ன மார்க் என்று கேட்டேன். இரண்டு பேருக்கு மறுத்தேன். ஒருவன் செருப்போடு உள்ளே வந்தான். இன்னொருத்தி சூயிங் கம் மென்றுகொண்டே பேசினாள். மறுநாள் திருத்திக்கொண்டு வந்தார்கள், போட்டேன். ஆக மொத்தம் முப்பது.

என் பேத்தி பவானேஸ்வரியும் கேட்டாள். மூன்றாம் படிவம், பதினைந்து வயது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கடையில் போய் உட்காருவதில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். அடக்கமான பெண் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எண்ணிக்கையைச் சரிபார்க்க அந்தக் கடைக்குப் போனேன்.

"வாங்க தாத்தா! மாடி ஏறி வந்திருக்கீங்க. போன் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேன்லா. பசியாறிட்டீங்களா?" என்றான் கோகுலராஜ்.

"பாரத்தையெல்லாம் எடு."

அசல் பாரங்கள் மன்றத்துக்குப் போயிருந்தன; அவற்றின் நகல்களை எடுத்து வந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பது முடிந்த பிறகு இன்னொன்று இருந்தது. பெயர் பவானேஸ்வரி, தகப்பன் பெயர் காளிதாஸ். கீழே என் ஐ.சி. எண், என் கையெழுத்து.

சில ஆண்டுகளாக என் கை நடுங்குகிறது. முப்பது கையெழுத்திலும் அந்த நடுக்கம் தெரிந்தது. முப்பத்தோராவதில் நடுக்கமே இல்லை. அது நான் நாற்பத்தெட்டு வயதில் போட்ட கையெழுத்து. எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய பத்திரம் ஒன்றில் அப்படியே இருக்கிறது.

"இந்தப் புள்ள எப்பப்ப வருது?"

"சனிக்கிழமை, டியூஷன் முடிஞ்சு. தாத்தா, உங்க கையெழுத்து இருந்துச்சு. அதுக்கு மேல நான் என்னா கேக்கறது?"

"வந்து என்ன செய்யுது?"

"சேட் பண்ணுவாங்க. டைப் பண்ணிப் பேசிக்கறது. எதிர்ல யாருன்னு தெரியாது. பேரெல்லாம் மாத்தி வச்சிக்குவாங்க."

"பேர மாத்திக்கிட்டுப் பேசறவன்கிட்ட என்ன பேச்சு?"

"அதான் தாத்தா அதுல ருசியே."

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். பிறகு படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு விஷயம் இருக்கு தாத்தா. தினேஸ்னு ஒருத்தன். பதினேழு வயசு, ஊரு ஈப்போன்னு போட்டிருப்பான். நம்ம கடைக்கு வர்ற மூணு பொண்ணுங்களுக்கு எழுதறான். மூணு பேருக்கும் அச்சு மாறாம அதே பேச்சு. மூடாம விட்டுட்டுப் போனப்ப பாத்தேன். என்னா சந்தேகம்னா, அவன் வேலை நாள்ல காலைல பத்து மணிக்கு சேட்டுக்குள்ள இருக்கான். பள்ளிக்கூடப் பையன் எப்படித் தாத்தா பத்து மணிக்கு?"

"யாரு அந்த மூணு பேர்?"

"சாந்தி. ஜெயா." மூன்றாவது பெயரை அவன் சொல்லவில்லை. என் கையில் இருந்த தாளைப் பார்த்தான்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா கடைய மூடிருவாங்க. இப்பத்தான் ஆறு மாசம் ஆகுது தாத்தா."

பகல் இரண்டு மணிக்குப் பவானி பள்ளியிலிருந்து வந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருந்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான். பரீட்சைப் பயம் என்று நினைத்திருந்தோம். கடையிலிருந்து கொண்டுவந்த தாளை மேசையில் வைத்தேன்.

"இது உன் வேலையா?"

"ஆமா தாத்தா."

"எத்தன நாள் பழகின?"

"ரெண்டு நாள். கடைசியில ஒரு சுழி வருதுல்ல, அது மட்டும் கஷ்டம்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே தாத்தா. எல்லாருக்கும் போட்டீங்க. எனக்கு மட்டுந்தான் போடல."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. தினேஸ் யார் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முதலில் பாட்டு, படம் என்று பேசியிருக்கிறான். பிறகு புகைப்படம் கேட்டான். கடையில் ஸ்கேனர் இருக்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தைக் கொண்டுபோய் அனுப்பியிருக்கிறாள். பதினான்கு பேர் உள்ள படம்; நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். தனியாக எடுத்த படம் வேண்டும் என்று கேட்டான். எப்படிப்பட்ட படம் என்றும் சொன்னான். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டேன் என்றதும் பேச்சு மாறிவிட்டது.

"சனிக்கிழமை மலாக்கா பஸ் ஸ்டேஷனுக்கு வரணுமாம். வரலன்னா நான் எழுதினதையெல்லாம் பிரிண்ட் பண்ணி ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் அனுப்புவானாம்."

"வீட்டு அட்ரஸ் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன். பர்த்டே கார்டு அனுப்பறேன்னான்."

"அப்படி என்ன எழுதின?"

"அம்மா மேல கோவம். உங்க மேல கோவம். அப்புறம்... சும்மா."

அந்தச் சும்மாவை நான் கிளறவில்லை.

"போகலாம்னு இருந்தியா?"

"போனா நிறுத்திருவான்ல தாத்தா."

அதை அவள் ஏதோ கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

மாலையில் காளிதாசிடமும் மருமகள் பாக்கியலட்சுமியிடமும் சொன்னேன். காளிதாஸ் கார் சாவியை எடுத்துக்கொண்டு கோகுலராஜை அடிக்கக் கிளம்பினான். சாவியை வாங்கி வைத்தேன். பாக்கியலட்சுமி அழுதாள். அழுதுகொண்டே, யோசிக்க வேண்டியதை அவள்தான் முதலில் யோசித்தாள்.

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை டுரியான் துங்கால்ல இருந்து திலகாவப் பாக்க வர்றாங்க. இப்பப் போயி போலீஸ் கீலீஸ்னு போனா, தங்கச்சி இப்படின்னு அக்காவையும் வேணாம்பாங்க."

திலகா என் மூத்த பேத்தி. அந்தச் சம்பந்தம் நான் பேசிக் கொண்டுவந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் போலீஸ் நிலையப் படி ஏறியதில்லை என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து நானே சொல்லியிருந்தேன்.

அன்று முடிவு செய்தவன் நான்தான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பவானியைச் சனிக்கிழமை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. கடிதம் ஏதாவது வந்தால் தபால்காரரிடம் நானே வாங்கிக் கிழித்துப் போடுவது. மன்றத்தில் முப்பத்தொரு கையெழுத்தும் என்னுடையது என்று சொல்லிவிடுவது. பெண்ணின் பெயர் வெளியே வராது. சாந்தியைப் பற்றியும் ஜெயாவைப் பற்றியும் அன்று வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வியாழக்கிழமை காளிதாஸ் லீவு போட்டு என்னை அழைத்துப் போனான். வெள்ளைச் சட்டை, சப்பாத்து போட்டுக்கொண்டேன். மன்றத் தாழ்வாரத்தில் பிள்ளைகளின் பெற்றோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கடிதம் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தோட்டத்துப் பழக்கம். உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை.

அதிகாரி என்சிக் சுல்கிப்ளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெரியவர்களைக் கூப்பிடும் 'பாக்சிக்' என்ற சொல்லால் அழைத்து, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மேசையில் முப்பத்தொரு பாரங்களும் வரிசையாக இருந்தன. இவை உங்கள் கையெழுத்துத்தானா என்று மலாயில் கேட்டார்.

கடைசித் தாள்வரை பார்த்தேன். "என்னுடையவைதான்" என்றேன். அரசாங்க ஆபிசில் நான் சொன்ன முதல் பொய் அது. எளிதாகவே வந்தது.

ஒரே ஆள் எப்படி இத்தனை பேருக்குப் பாதுகாவலர் ஆக முடியும் என்று கேட்டார். எங்கள் தோட்டத்து வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய கம்போங்கில் அவர் தாத்தாவும் இப்படித்தானாம், ஊர் முழுவதற்கும் கையெழுத்துப் போடுவாராம். எனக்கு அந்த இளைஞரைப் பிடித்துப் போனது.

பிறகு டைப் செய்த ஒரு தாளை என் முன் வைத்தார். அதில் மூன்று வரிகள் இருந்தன. மேற்கண்ட சிறார்களுக்கு நான் பாதுகாவலர். அவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்பதை நான் அறிவேன். நான் அறிந்தவரை இவர்களில் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை.

"இதில் ஒரு கையெழுத்து, பாக்சிக். ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். கடைக்கும் ஒன்றும் ஆகாது" என்றார்.

பேனாவைத் திறந்தேன். முதல் வரி சட்டப்படி பொய். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. இரண்டாவது வரியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நிற்கும். மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தேன். அப்போது தாழ்வாரத்தில் யாரோ நேரமாகிறதே என்று முணுமுணுக்க, சாந்தியின் அம்மா இருசம்மாளின் குரல் கேட்டது.

"இருலா. கிராணியாரு போட்டுட்டா முடிஞ்சிரும்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"முப்பத்தோராவது கையெழுத்து என்னுடையது இல்லை" என்றேன். "என் பேத்தி பவானேஸ்வரி போட்டது. அவளை ஓர் ஆள் மிரட்டிக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை மலாக்கா பஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறான். இன்னும் இரண்டு பெண்களுக்கும் அவனேதான் எழுதுகிறான்."

அந்த இரண்டு பெயர்களை நான் சொல்லவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். சத்தமாகச் சொல்வதற்கு அவை என் வீட்டுப் பெயர்கள் அல்ல.

தோட்டத்து மக்களுக்கு மலாய் நன்றாகத் தெரியும். தாழ்வாரத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது.

என்சிக் சுல்கிப்ளி டைப் செய்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு சட்டத்தைச் சொன்னார். முப்பத்தொரு பாரமும் செல்லாது. பெற்றோர்தான் வந்து கையெழுத்திட வேண்டும். மிரட்டல் விஷயம் போலீசுக்குப் போக வேண்டும், இன்றைக்கே. புகாரைப் பெண்ணோடு தகப்பனோ தாயோ போய்க் கொடுப்பதுதான் முறை. "தகப்பன் இருக்கும்போது, பாக்சிக், நீங்கள் உங்கள் பேத்திக்கும் பாதுகாவலர் இல்லை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

காளிதாஸ் வாசலில் நின்றிருந்தான். "நான் போறேம்ப்பா" என்றான். "ஸ்கூல்ல இருந்து அவள கூட்டிக்கிட்டு நேரா போறேன்."

அடுத்து இருசம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"கிராணியாரே, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"ஆமா."

"நேத்து சாயந்தரங்கூட என் புள்ள அந்தக் கடைக்குப் போயிட்டு வந்துச்சு."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சரி, ஸ்டேஷனுக்கு வாங்க. நான் சொல்றத அவங்க சரியா எழுதறாங்களான்னு படிச்சு மட்டும் சொல்லுங்க. கையெழுத்து நான் போட்டுக்கறேன்."

போனேன்.

அந்த ஆள் சனிக்கிழமை பஸ் ஸ்டேஷனில் பிடிபட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்து மூன்று. ஈப்போ இல்லை, தினேசும் இல்லை. அதற்கு முந்தைய நாளே டுரியான் துங்காலில் இருந்து போன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாள் சரியில்லையாம். அந்த நாளைக் குறித்ததே அவர்கள்தான். திலகா போனை வைத்துவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தாள். பாக்கியலட்சுமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எழுத நினைத்தது வியாழக்கிழமை மதியத்தைப் பற்றி.

இருசம்மாளின் வாக்குமூலத்தைப் படித்துச் சொன்னேன். ஓர் இடத்தில் தேதி தவறாக இருந்தது, திருத்தினார்கள். அவள் கையெழுத்திட நேரம் எடுத்தது. பிறகு காளிதாஸ் பவானியோடு வந்தான். அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அறைக்குள் தகப்பனும் பெண்ணும் மட்டும் போகலாம் என்றார்கள். உள்ளே கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது, அங்கே உட்காருங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று போலீஸ்காரர் நல்ல மனதோடு சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே சாலையைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

மதியம் பன்னிரண்டரை மணி. பள்ளிப் பஸ்களும் தொழிற்சாலைப் பஸ்களும் போகும் நேரம். பலர் என்னைப் பார்த்தார்கள். கோவில் செயலாளர் வடிவேலு மோட்டார் சைக்கிளில் போனவன், கொஞ்ச தூரம் தாண்டியபின் திரும்பி வந்து நிறுத்தினான்.

"என்னா பெரிய கிராணியாரே, இங்க உக்காந்திருக்கீங்க? ஐ.சி. கீ.சி. தொலைச்சிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போய்விட்டிருப்பான்.

"இல்ல. என் பேத்தி உள்ள புகார் குடுக்கிறா."

"பேத்தியா? யாரு மேல?"

"அவள மிரட்டினவன் மேல."

வடிவேலு ஹெல்மெட்டைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

"வெளிய சொல்லாதீங்க கிராணியாரே. பேரு கெட்டுப் போயிரும். நானும் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீ சொல்லலாம் வடிவேலு," என்றேன். "ஆனா சரியாச் சொல்லு. மிரட்டினது அவன். புகார் குடுத்தது எங்க வீட்டுப் பொண்ணு."

அவன் சரி சரி என்று தலையாட்டினான். மோட்டார் சைக்கிள் கிளம்புவதற்கு நான்கு முறை மிதிக்க வேண்டியிருந்தது.